பூட்டு இல்லாத கதை

இரண்டாம் மாதம், 6

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நான் கவனித்தது இதைத்தான். கண் சோதிக்கிற அட்டையில் எழுத்து கீழே வர வர சின்னதாகிறது அல்லவா, வாசிக்கிற ஆட்களும் கூடவே குரலைச் சின்னதாக்கிக்கொள்கிறார்கள். முதல் வரியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறார்கள். நான்காவது வரியில் சாதாரணக் குரல். கடைசி வரிக்கு வந்ததும் முதலாளியிடம் ரகசியம் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. தவறாகச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. முதலாளி வேறு லென்ஸை மாட்டி, "இப்ப சொல்லுங்க" என்கிறார். அவ்வளவுதான். இந்தக் கடையில் தடுமாறுவது ஒரு குற்றமே இல்லை.

நான் இங்கே சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. அம்மா சொல்லியிருப்பாள். என் இடம் திரைக்கு உள்ளே. ஒரு மேசை, ஒரு சாணைச் சக்கரம், அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் ஒரு சின்னக் குழாய். லென்ஸ் வட்டமாக வரும். கண்ணாடிச் சட்டத்தின் வடிவத்துக்கு அதன் ஓரத்தைத் தேய்த்துத் தர வேண்டும். மயிரிழை அதிகமாகத் தேய்த்தால் சட்டத்தில் நிற்காமல் ஆடும். குறைத்துத் தேய்த்தால் உள்ளே நுழையாது. முதல் வாரம் மூன்றை உடைத்தேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "தாயே, கடையில எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையி" என்றார். இந்த வாரம் ஒன்றும் உடையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தெரு முனை நூலகத்தின் வாசலில், கதை எழுதுகிறவர்களுக்காக ஓர் உண்டியல் வைத்திருந்தார்கள். நான் "காலி வீடு" என்று ஒரு கதையை எழுதி உள்ளே விட்டேன். விட்ட உடனே திரும்ப எடுக்க முயன்றேன், கை நுழையவில்லை. நூலகர் அதைக் கண்டு, "உள்ள விழுந்தது விழுந்ததுதாம்மா" என்றார், தும்மிக்கொண்டே. அவருக்கு எந்நேரமும் சளி.

முந்தாநாள் அவரே கடைக்கு வந்துவிட்டார், மூக்குக் கண்ணாடியின் காது கழன்றுவிட்டது என்று. திரை விலகியிருந்தது. "ஏம்மா, அந்தக் காலி வீட்டுக் கதை உன்னோடதுதானே? வந்ததுல அஞ்சு கதை எடுத்திருக்கோம். அதுல அதுவும் ஒண்ணு" என்றார். "அது என்னோடதுதான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாய் உனக்குத் தெரியும், முதல் எழுத்திலேயே திக்கி நின்றுகொள்ளும். "அ... அ..." என்று இழுத்து இழுத்து, கடைசியில் "அக்கா" என்று வெளியே வந்தது. அந்தச் சொல் ஒன்றுதான் எனக்கு எந்த நாளும் தடையில்லாமல் வரும்.

"ஓ, அக்கா எழுதினதா? அப்ப அக்காவை வரச் சொல்லு. அடுத்த மாசம் எட்டாந்தேதி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. எழுதினவங்க தன் வாயால வாசிச்சாத்தான் கதை எங்க தொகுப்புல வரும். முந்தின வருஷம் ஒருத்தர் மச்சானை அனுப்பினாரு. அவன் நடுவுல தன் சொந்தக் கதையைச் சேர்த்து முக்கால் மணி நேரம் இழுத்துட்டான்" என்றார். நான் மறுக்கவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபம்.

அதனால் கேட்கிறேன். நீ வருவாயா? வந்து, எழுதியது நீதான் என்று சொல்லி வாசித்துவிடு. கதை அச்சில் வந்தால் சரி, யார் எழுதியது என்று இருந்தாலும் சரி.

மாடி ஏறுகிற வளைவு ஞாபகம் இருக்கிறதா? மின்சாரம் நின்ற மதியங்களில் எல்லா வீட்டுக் குழந்தைகளும் அங்கே வந்து உட்காரும். நான் உன் காதில் ஒரு வரி ஊதுவேன், நீ அதை உரக்கச் சொல்வாய். ரகசியமாகச் சொன்னால் எனக்குத் திக்காது. உன் காது சூடாக இருக்கும், சோப்பு வாசனை வரும். அந்த ஒரு காது இருந்தால் இன்னும் நூறு கதை சொல்வேன்.

தொலைபேசியில் கேட்க என்னால் ஆகாது, அதனால்தான் கடிதம். கதையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

முணுமுணு


பிப்ரவரி 12

அடி முணுமுணு,

இந்த மாதத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, காலண்டரில் போட்டிருப்பான், பார். அது என்ன 'இரண்டாம் மாதம்'? கர்ப்பிணிக்குச் சீட்டு எழுதுகிற மாதிரி!

உன் கடிதத்தை அறிவிப்பு அறையில் உட்கார்ந்தே படித்தேன். 'அஞ்சு கதையில் ஒன்று' என்ற இடத்துக்கு வந்ததும், "அடி என் தங்கமே!" என்று கத்திவிட்டேன். மைக்கை அணைக்க மறந்துபோனேன். பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டது. மேற்பார்வையாளர் கதவைத் திறந்து, "தங்கமேயா? அது எத்தனாவது நடைமேடைம்மா?" என்கிறார்.

வருகிறேன். எட்டாம் தேதிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.

மாடி வளைவை மறப்பேனா? எனக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வந்ததே அங்கேதானே. மூன்றாம் மாடி அத்தை துணி காயப்போட வந்தவள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள். "எங்கேர்ந்துடி வருது உனக்கு இவ்வளவு கதை?" என்று ஒருநாள் கேட்டாள். "தானா வருது அத்தை" என்றேன். நீ என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாய். இன்றைக்கும் குளிக்கும்போது அந்த 'தானா வருது' திடீரென்று ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாகிவிடுகிறது.

கதையை மூன்று முறை படித்தேன். வீடு மாறிப் போன குடும்பம், மறந்து விட்டுவந்த ஒன்றை எடுக்கத் தனியாகத் திரும்பிப் போகிற சின்ன மகள், காலி அறையில் அவள் குரல் அவளிடமே திரும்பி வருவது, அதைக் கேட்பதற்காகவே அவள் மறுபடியும் மறுபடியும் ஏதாவது சொல்வது. அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை படித்தேன். இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாய்?

ஆனால் பெண்ணே, உன் தமிழ் ஏன் இப்படி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறது? அந்தச் சிறுமி 'போனாள்' இல்லையாம், 'சென்றாள்'. 'பார்த்தாள்' இல்லையாம், 'கண்டாள்'. காலி அறையில் அவள் 'மொழிந்தாள்' என்று எழுதியிருக்கிறாய். எந்த வீட்டில் பத்து வயதுப் பெண் மொழிகிறாள்? கடிதத்திலும் அதே கதைதான். பிரேமை 'கண்ணாடிச் சட்டம்' என்கிறாய். நீ வேலை செய்வது கண்ணாடிக் கடையிலா, வக்கீல் ஆபீஸிலா?

எல்லாவற்றையும்விட வேடிக்கை ஒன்று. அவள் கையில் சாவி இருக்கிறது, கதவில் பூட்டு இல்லை! 'தாழைத் திறந்தாள்' என்று எழுதியிருக்கிறாய். தாழ்ப்பாளுக்கு எதற்கடி சாவி? வீட்டைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு எவன் ஊர் மாறிப் போவான்?

பயப்படாதே, எல்லாம் சரிசெய்துவிட்டேன். பதினேழு இடம். சிவப்பு மையில் திருத்தி, நல்ல நகலும் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மேடையில் நான் வாசிக்கும்போது நாக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டாமா?

ரேடியோ


இரண்டாம் மாதம், 17

அக்கா,

நீ அனுப்பிய நகல் வந்தது. சிவப்பு மையைக் கண்டதும் வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் வாசித்தேன்.

நீ திருத்தியது தவறு என்று சொல்லவில்லை. தாழுக்குச் சாவி கிடையாது என்று எனக்கும் தெரியும். எழுதுகையில் அந்த இடத்தில் அரை நாள் நின்றேன். தெரிந்தேதான் அதை எழுதினேன். தயவுசெய்து நான் எழுதிய மாதிரியே வாசி. ஒரு சொல்லையும் மாற்றாதே. காரணம் கேட்காதே.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. சாணைச் சக்கரம் சுற்றுகையில் என் குரல் எனக்கே கேட்காது. அந்த இரைச்சலுக்குள் என் கதையை வாய்விட்டு வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அன்றைக்கு நான் தேய்த்த லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் உயர்த்தி, "ராணி மாதிரி இருக்கு" என்றார் முதலாளி. நேற்று உன் நகலை அதே மாதிரி வாசிக்க முயன்றேன். இரண்டாவது வரியில் திக்கி நின்றது. சக்கரத்தை நிறுத்திவிட்டேன்.

கடைத்தெருவுக்கு நாம் ஒன்றாகச் செல்வோமே, அது இந்த வாரம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்று என்னிடம் கேட்டுவிடுவார். அம்மா வாங்கிவரச் சொன்னது சீனி. நான் "சீ... சீ..." என்று தொடங்குவேன். நீ உடனே, "சீப்புங்க, ஒரு சீப்பு குடுங்க" என்று முடித்து வைத்துவிடுவாய். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். நம் வீட்டு இழுப்பறையில் எத்தனை சீப்பு! அம்மா, "இந்த வீட்ல இருக்கறது மூணு தலை, சீப்பு ஏழு" என்று கத்துவாள். நாம் இருவரும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் வேண்டும்தான்.

ஆனால் எனக்கு வேண்டியது சீனி, அக்கா.

முணுமுணு


பிப்ரவரி 22

குட்டி,

காரணம் கேட்காதே என்று எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்துவிட்டேன்.

சீப்புக் கதையைப் படித்து விடுதிக் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தேன். கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தாளை எடுத்து, நான் திருத்திய பதினேழு சொற்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். பூட்டு. பெட்டி. போனாள். பார்த்தாள். பேசினாள். படி. பழைய. பக்கத்து. பாத்திரம். பிறகு. முழுதும் எழுதி முடித்துவிட்டு, தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் முழுக்க ஒரே எழுத்து, ப, ப, ப என்று வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டு போகிறது.

பெட்டியிலிருந்து நீ மூன்று வருடமாக எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்துக் கட்டில்மேல் கொட்டினேன். முப்பத்து நான்கு கடிதம். அந்த எழுத்தில் தொடங்குகிற ஒரு சொல், ஒன்றே ஒன்று, எதிலும் இல்லை. பேனா 'எழுதுகோல்' ஆகியிருக்கிறது. பஸ் 'வண்டி' ஆகியிருக்கிறது. நூலகர் பேசுவதைக்கூட நீ வடிகட்டித்தான் எழுதியிருக்கிறாய். நம் பூனை செத்ததை எழுதிய கடிதத்தில் பூனையே இல்லை! 'நம் வீட்டு மியாவ் இறந்துவிட்டது' என்று எழுதியிருந்தாய். துக்கக் கடிதத்தில் மியாவ் என்கிறாளே என்று அன்றைக்கு நான் பக்கத்துக் கட்டில்காரியிடம் காட்டிச் சிரித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உனக்கு அந்த எழுத்துதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் சில நாள் வரும், சில நாள் வராது. ப மட்டும் எந்த நாளும் வராது. ஆனால் அது வாய்க்கு. காகிதத்தில் என்னடி திக்கும்? யார் பார்க்கிறார்கள்? யார் சிரிக்கப் போகிறார்கள்? எனக்கு எழுதும் கடிதத்தில்கூடவா?

என் பிழைப்பே அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது, யோசித்துப் பார். 'பயணிகளின் கவனத்திற்கு.' ஒரு நாளைக்கு இருநூறு முறை சொல்கிறேன். அதனால் நீ கவலைப்படாதே. நான் வந்து அத்தனை சொல்லையும் உனக்காகச் சொல்கிறேன். எப்போதும் நான்தானே சொல்லியிருக்கிறேன்? நீ பத்தாவது படிக்கும்போது, அந்தத் தலைமை ஆசிரியை அறையில்கூட நீ "ப... ப..." என்று திணறிக்கொண்டு நின்றாய். "போதும்னு சொல்றா மேடம்" என்று நான்தானே முடித்து வைத்தேன்? அதோடு பள்ளிக்கூடம் விட்டது, அந்த நரகமும் விட்டது. தினமும் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லி, நாற்பது பேர் சிரித்த நரகம். அன்றைக்கு உன்னை அதிலிருந்து காப்பாற்றிய மாதிரி எட்டாம் தேதியும் காப்பாற்றுவேன்.

கோபப்படாதே. எழுது.

ரேடியோ


பிப்ரவரி 26

அக்கா,

மேலே தேதியைப் பார்த்தாயா? மாதத்தின் பெயரை எழுதி முடிக்க எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம் பிடித்தது. ஆனால் எழுதிவிட்டேன். இனி மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் சொல்ல வந்தது 'போதும்' இல்லை.

அம்மாவைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள், அவளுக்கு வேலை, அதனால் நீ வந்தாய். அந்த அறையில் மேசைமேல் பச்சைத் துணி விரித்திருந்தது. மின்விசிறியில் ஒரு இறக்கை மட்டும் மற்றதைவிட அழுக்காக இருந்ததால், அது சுற்றும்போது தனியாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை நல்லவர். உன்னிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார். "பயப்படாம நீயே சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. வாசிப்பு வகுப்பு மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் படிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவும் வராது என்று தெரியும். அதனால் அதை ஒரே சொல்லாகச் சுருக்கி வைத்திருந்தேன். 'படிக்கணும்.' முதலில் உன் காதில் சொல்லலாம் என்று உன் தோளைத் தொட்டேன். நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய், குனியவில்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். ப வந்தது. அதற்கடுத்த எழுத்து வருவதற்குள் நீ முடித்துவிட்டாய்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?" என்றார். இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். மூன்று வருடமாக அந்த ஒரு தலையாட்டலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். வழி முழுக்க, "இனிமே யாரும் உன்னை எழுப்பி நிறுத்த மாட்டாங்கடி" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். ஐஸ் வாங்கிக் கொடுத்தாய். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், அக்கா. அதை எப்படிக் கெடுப்பது?

அதற்குப் பிறகு நான் அந்த எழுத்தை எழுதவில்லை. நீ நினைக்கிற மாதிரி, வாய் திக்கும் என்பதால் இல்லை. அதை எழுதத் தொடங்கினாலே அடுத்து 'படிக்கணும்' வந்துவிடும் என்று பயமாக இருந்தது. காகிதத்தில் அது முழுசாக வந்துவிடுமே. அங்கே குறுக்கிட யாரும் இல்லையே.

நேற்று நூலகத்துக்குப் போனேன். நூலகர் மேசை முன்னால் நின்று, "அக்கா இல்ல. நான்" என்றேன். அது வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. பின்னால் வரிசையில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் அன்னைக்கே நினைச்சேன். கதைத் தாள் பூரா கண்ணாடித் தூளு. உங்க அக்காவும் லென்ஸ் தேய்க்கிறாங்களோன்னு சந்தேகம்" என்றார். பிறகு பட்டியலில் ஏதோ அடித்து எழுதினார். "அப்ப நீதான் வாசிக்கணும். தெரியுமில்ல?" என்றார்.

தெரியும் என்றேன்.

நீ வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபமும் இருக்கிறது. நீ முன்னால் உட்கார்ந்திருந்தால் நான் திக்குகிற இடத்தில் உன் உதடு அசையும், அதைப் பார்த்து நான் நிறுத்திவிடுவேன். அதனால்தான்.

முணுமுணு


மார்ச் 3

குட்டிக்கு,

நான்கு தாள் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

நீ தோளைத் தொட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தைரியத்துக்காகத் தொடுகிறாய் என்று நினைத்து உன் கையைத் தட்டிக்கொடுத்தேன். காதைக் கொடுத்திருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை வேலையில் மைக்கைப் போட்டேன். 'பயணிகளின்' என்று ஆரம்பிக்க வேண்டும். முதல் எழுத்தோடு நின்றுவிட்டேன். திக்கவில்லை, எனக்கு எங்கே திக்கப் போகிறது? அந்த எழுத்தைச் சொன்னதும் பச்சைத் துணி போட்ட மேசை கண்முன்னால் வந்துவிட்டது. மூன்று வண்டி அறிவிப்பே இல்லாமல் கிளம்பிப் போயின. மேற்பார்வையாளர் வந்து, "என்னம்மா, தங்கமே இன்னும் வந்து சேரலையா?" என்றார். அழுதுவிட்டேன். பாவம், மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால், 'நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும்' என்று கடைசியில் நானே முடித்து வைத்திருக்கிறேன். அந்தத் தாளையும் கிழித்துப் போட்டேன். என் வாய்க்குப் பூட்டு போட எந்தக் கடையில் விற்கிறார்கள்?

விடுப்பை ரத்து செய்துவிட்டேன். எட்டாம் தேதி நாலு மணிக்கு நான் இங்கே வேலையில் இருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போதும் அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறதா? உடனே பதில் எழுத வேண்டாம். எவ்வளவு நாள் ஆனாலும் சரி. குறுக்கே எதுவும் சொல்லாமல் இருக்கிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். அப்படியேதான் இருக்கிறது. தனித்தேர்வு எழுதுவதற்கான படிவம் நூலகத்திலேயே கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் நிரப்பவில்லை.

உன் பதினேழு திருத்தத்தில் பதினொன்றை ஏற்றுக்கொண்டேன். ஆறை ஏற்கவில்லை. கதையில் அந்தச் சிறுமியின் அப்பா தூக்கிப் போவதை நீ 'பெட்டி' என்று மாற்றியிருந்தாய். நான் எழுதியது 'சுமை'. ஓடி ஒளிந்து கண்டுபிடித்த சொல்தான், ஆனாலும் பெட்டியைவிட அது நன்றாக இருக்கிறது. அதை விடமாட்டேன். 'மொழிந்தாள்' என்பதை எடுத்துவிட்டேன். நீ சிரித்தது நியாயம்தான்.

நேற்று மூன்றரை மணிக்கே போய்விட்டேன். இருபது நாற்காலி போட்டிருந்தார்கள், பதினான்கில் ஆள் இருந்தார்கள். முதலாளியும் வந்திருந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்தாராம். "உனக்காக இல்ல, இங்க ஃபேன் நல்லா இருக்கு" என்றார். அம்மா தானும் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வாசல்வரை வந்து, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

எனக்கு முன்னால் வாசித்தவர், ஓய்வு பெற்ற தபால்காரர். நாய் துரத்திய கதை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வயிற்றில் இறங்கியது. வகுப்பறைச் சிரிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் வயிற்றுக்குத் தெரியவில்லை.

என்னைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். மைக் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சாணைச் சக்கரம் இல்லாத அமைதி எப்படி இருக்கும் தெரியுமா? தாள் திரும்புகிற சத்தம்கூடக் கேட்கும். முதல் வரியில் மூன்று இடத்தில் திக்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு. பூட்டு வரும் இடம்தான் எனக்குப் பயம். ஒரு வாரமாக அதை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது. அந்த வரி வந்தது. பூட்டு, ஒன்றுமே ஆகாத மாதிரி, சாதாரணமாக வந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அடுத்த சொல் 'பிறகு'. ஒன்றுமில்லாத சொல். யாராவது அதற்குப் பயப்படுவார்களா? உதடு ஒட்டிக்கொண்டது. திறக்கவில்லை. தபால்காரர் இருமினார். ஒருவர் நாற்காலியை நகர்த்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, மூன்று வண்டி கிளம்பிப் போயிருக்கும்.

முன்வரிசையில், மடியில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல், மெதுவாக, "பின்னால?" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், "இல்லம்மா, பிறகுன்னு வரும்" என்றார். நூலகர், "உஷ்" என்று ஆரம்பித்துத் தும்மலில் முடித்தார். யாரோ சிரித்தார்கள். முதலாளி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கண் அட்டை வாசிப்பதைக் கேட்கிற முகத்தோடு அப்படியே இருந்தார்.

பெரியவர் சொன்னது சரியான சொல்தான். என் கதையில் இருப்பதும் அதுதான். தலையாட்டிவிட்டு அதற்கடுத்த சொல்லுக்குப் போயிருக்கலாம். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். சிலர் எனக்காக ஏற்கெனவே தலையாட்டத் தொடங்கியிருந்தார்கள்.

நான் தலையாட்டவில்லை. தாளில் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டேன். மூச்சை ஒருமுறை முழுதாக வெளியே விட்டேன். பிறகு அந்தச் சொல்லை, முதல் எழுத்திலிருந்து, நானே சொன்னேன்.